எல்லாம் சொந்தப் பல்லுதான்

போன வாரம் ஃபிரேமம்மாவை ஆஸ்பத்திரி இரண்டாம் மாடி பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு நாம் பாட்டுக்கு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டோம். சாப்பிட்டோம், தூங்கினோம், பஸ்ஸைத் தவறவிட்டு யாரையோ திட்டினோம். அவள் இன்னும் அதே பெஞ்சில்தான் இருக்கிறாள். முதுகு பிடித்துக்கொண்டிருக்கிறது, கையிலிருக்கும் டீ ஆறிப்போயிருக்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

இடையில் வந்து சேர்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. ஃபிரேமம்மா என்பது பெற்றவர்கள் வைத்த பெயரில்லை. அவள் கணவர் போட்டோ ஸ்டூடியோ நடத்துகிறார். அவர் எடுக்கிற படங்களுக்குச் சட்டம் அறுத்து, கண்ணாடி வெட்டி, ஆணி அடித்துக் கொடுப்பது அவள் வேலை. வாடிக்கைக்காரர்கள் வைத்த பெயர் அப்படியே நின்றுவிட்டது. அவரும் ஊருக்கெல்லாம் ஸ்டூடியோக்காரர்தான்.

சாதாரணச் சளிக்காய்ச்சல் என்று படுத்த மனிதர். மூச்சு வாங்கி, உதடு நீலம் பாரித்து, இப்போது வைரஸ் காய்ச்சல் வார்டில் ஆக்ஸிஜன் மாஸ்க்கோடு கிடக்கிறார். வீட்டுக்கு முதலில் இருமிக்கொண்டு வந்தது பார்சல் வேன் ஓட்டுகிற மகன், பெரியவன். "நீதான் அப்பாவுக்குக் கொண்டுவந்து கொடுத்தே" என்று அவன் தங்கை சின்னவள் வராந்தாவில் எல்லோர் முன்னாலும் வெடித்தாள். அவன் படியிறங்கிப் போனான்.

இன்னொன்றும் போன வாரம் நடந்தது, சிலர் கவனித்திருக்கலாம். ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது நர்ஸ் கேட்டாள், "கட்டுப்பல், பல்செட்டு ஏதாவது வச்சிருக்காரா?" பிள்ளைகள் இரண்டு பேரும் பக்கத்தில் நின்றார்கள்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லை. எல்லாம் சொந்தப் பல்லுதான்" என்றாள் ஃபிரேமம்மா.

அது பொய்.

இன்று காலை வார்டு டாக்டரம்மா வெளியே வந்தார். சின்னவளைவிட நாலைந்து வயது கூட இருக்கலாம். ராத்திரி டியூட்டி முடிந்தும் வீட்டுக்குப் போகாத முகம். நின்று பேசத் தெம்பில்லாமல் ஃபிரேமம்மாவின் பக்கத்தில் பொத்தென்று உட்கார்ந்தார். சாப்பாட்டுப் பையோடு அப்போதுதான் வந்த சின்னவளும் எதிரே வந்து நின்றாள்.

"காய்ச்சல் இறங்கிட்டுதான் வந்துச்சும்மா. நேத்துலேர்ந்து மறுபடி ஏறுது. எக்ஸ்ரேல வலது பக்கம் கீழே புதுசா ஒரு திட்டு தெரியுது."

"வைரஸ் கூடிடுச்சா டாக்டர்?" என்றாள் சின்னவள்.

"வைரஸ் செய்ய வேண்டியதைச் செஞ்சிட்டுப் போயிடுச்சு. நுரையீரலைப் புண்ணாக்கி வச்சிருக்கு. அந்தப் புண்ணு மேல இப்ப வேற கிருமி போய் உட்கார்ந்திருக்கு. அது பெரும்பாலும் வாயிலேர்ந்து போறதுதான்."

"வாயிலேர்ந்தா?"

"அவருக்கு ஈறு ரொம்ப மோசமா இருக்கும்மா. நர்ஸ் துடைக்கப் போனா ரத்தம், தாங்க முடியாத வாடை. ஈறுல சீழ் வச்சா அதுல இருக்கிற கிருமி எச்சிலோட சேர்ந்து, தூங்கும்போது கொஞ்சம் கொஞ்சமா மூச்சுக்குழாய்க்குள்ள இறங்கும். நல்ல நுரையீரலா இருந்தா சமாளிச்சிடும். வைரஸ்கிட்ட அடிவாங்கின நுரையீரல் என்ன பண்ணும்? ஈறு கெட்டவங்களுக்கு இந்தக் காய்ச்சல் கடுமையாப் போறதை நாங்க அடிக்கடி பார்க்கிறோம்."

"அப்ப அதுதான் காரணமா?"

"அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா வாயைச் சுத்தமா வச்சா உள்ள போற கிருமியாவது குறையும். அதுக்குத்தான் அவரு விட மாட்டேங்கிறாரே! நர்ஸ் கையைத் தட்டிவிடுறாரு. மாஸ்க்கைத் தூக்கினாலே உதட்டை இறுக்கி மூடிக்கிறாரு." டாக்டர் கண்ணைத் தேய்த்துக்கொண்டார். "சாயந்திரம்வரை பார்ப்போம். மாறலைன்னா தொண்டை வழியா குழாய் போட வேண்டியிருக்கும். எல்லாம் சொந்தப் பல்லுன்னு சொல்லியிருக்கீங்க. ஆடுற பல்லு ஏதாவது உண்டா? குழாய் போடும்போது கழண்டு உள்ள போயிட்டா பெரிய வம்பு."

இதோ, சொல்ல வேண்டிய இடம் வந்துவிட்டது. ஃபிரேமம்மா வாயைத் திறந்தாள். சின்னவள் கண்கொட்டாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கேட்டுச் சொல்றேன்" என்றாள் ஃபிரேமம்மா.

யாரைக் கேட்டு? டாக்டருக்கே அது விளங்கவில்லை. தலையை ஆட்டிவிட்டு எழுந்து போனார்.

விஷயம் இதுதான். ஸ்டூடியோக்காரரின் மேல்வரிசை முன்பற்கள் நான்கும் அவருடையவை அல்ல. சொந்தப் பற்களைக் கல்யாணத்துக்கு முன்பே சைக்கிளிலிருந்து விழுந்து உடைத்துக்கொண்டார். ரோஸ் நிறத் தகடு, இரண்டு பக்கமும் கம்பிக் கொக்கி, நடுவில் நாலு பல். பெண் பார்க்க வந்தபோதே அதை மாட்டிக்கொண்டுதான் சிரித்தார். யாரிடமும் சொல்லவில்லை, கட்டிக்கொண்டவளிடமும் சொல்லவில்லை.

கல்யாணமான புதிதில் ஒருநாள் இருட்டறைக்குள் போனவள், படம் கழுவும் தட்டுகளுக்குப் பின்னால் ஒரு கண்ணாடி டம்ளரில் அது கிடப்பதைப் பார்த்தாள். வந்த சுவடு தெரியாமல் வெளியே வந்துவிட்டாள். அன்றிலிருந்து இருட்டறைக்குள் போகும் முன் வேண்டுமென்றே செருப்பைத் தரையில் தேய்த்துச் சத்தம் கொடுப்பாள். ஆப்பிளை மெலிசாக நறுக்குவாள். குளியலறைக் கதவு நெடுநேரம் பூட்டிக் கிடந்தால் பிள்ளைகளைக் கடைக்கு விரட்டுவாள். டிவியில் பொக்கைவாய் ஜோக் வந்தால் சானலை மாற்றுவாள். அவருக்குத் தான் செய்கிற மரியாதை இது என்று நினைத்தாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

ராத்திரியில் அதைக் கழற்றித் தண்ணீரில் போட வேண்டும் என்று அவருக்குத் தெரியாமலா இருக்கும்? ஆனால் பக்கத்தில் அவள் படுத்திருந்தாளே. அவள் விடிகாலையில் விழித்துப் பார்த்துவிட்டால்? அந்த ஒரு பயத்துக்காக ஒவ்வொரு ராத்திரியும் அதை மாட்டிக்கொண்டே தூங்கினார். தகட்டுக்கு அடியில் ஈறு அழுகியது.

அவளும் பார்க்காமல் இல்லை. தலையணை உறையில் ரத்தக் கறை வந்தபோது தோய்த்துப் போட்டாள். வாடை வந்தபோது மறுபக்கம் திரும்பிப் படுத்தாள். "பல் டாக்டர்கிட்ட ஒரு எட்டு போய்ட்டு வாங்களேன்" என்று நாக்கு நுனிவரை வரும். ஆனால் அவர்கள் தெருவிலிருக்கும் பல் டாக்டரின் குடும்பப் படம் ஸ்டூடியோச் சுவரிலேயே தொங்குகிறது. "பல் தெரியச் சிரிங்க டாக்டர்" என்று சொல்லி எடுத்த படம். அந்த மனிதர் முன்னால் போய் இவர் எப்படி வாயைத் திறப்பார்? கேட்டால் உடைந்துபோவார் என்று பயந்து, வந்த வார்த்தையை ஒவ்வொரு தடவையும் மென்று விழுங்கினாள்.

இப்படி இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்து வாழ்ந்த அழகு கடைசியில் ஆக்ஸிஜன் சிலிண்டரில் வந்து நிற்கிறது. நினைத்தால் அவளுக்குச் சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. இரண்டுக்குமே சக்தி இல்லை.

சின்னவள் பையைப் பிரித்தாள். "ஏதாவது சாப்பிடும்மா. உன்னைப் பார்த்தா உன்னையும் சேர்த்துப் படுக்க வச்சிடுவாங்க போல."

"பெரியவன் எங்கே?"

"எனக்கென்ன தெரியும்?" முகத்தைத் திருப்பிக்கொண்டவள், கொஞ்சம் பொறுத்துச் சொன்னாள். "கீழே வேன் நிக்குது. வரும்போது பார்த்தேன்."

ஃபிரேமம்மா சாப்பாட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு கீழே போனாள். லிஃப்ட் வேலை செய்யவில்லை. படியில் இறங்குவதற்குள் முழங்கால் இரண்டும் முறையிட்டன.

வேன் ஆம்புலன்ஸ் நிறுத்துமிடத்தைத் தாண்டி, மதிலோரமாக நின்றது. பெரியவன் ஸ்டியரிங்கில் தலைசாய்த்துக் கிடந்தான். பின்னால் டெலிவரி ஆகாத பெட்டிகள் அப்படியே அடுக்கியிருந்தன. கண்ணாடியைத் தட்டியதும் திடுக்கிட்டு நிமிர்ந்தான். தாடி வளர்ந்திருந்தது, கண் சிவந்திருந்தது.

"வீட்டுக்குப் போகலையாடா?"

"அங்க போய் என்னம்மா பண்றது?" கதவைத் திறந்து அவளை ஏற்றிக்கொண்டான். "டாக்டர் என்ன சொன்னாங்க?"

"சாயந்திரம்வரை பார்க்கணுமாம்."

அவன் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "பாப்பா சொன்னது சரிதானேம்மா. நான்தான் இருமிக்கிட்டு வந்தேன். சாதாரண இருமல்தானேன்னு அவரு தோள்ல கையைப் போட்டுக்கிட்டு மேட்ச் பார்த்தேன். அவரு என் டம்ளர்லயே தண்ணி குடிச்சாரு. நான் பார்த்துக்கிட்டுதான் இருந்தேன்."

"உன்கிட்டேர்ந்துதான் வந்துச்சுன்னு யாருடா கண்டா? கடைக்கு எத்தனை பேர் வர்றாங்க. எல்லாரும் மூஞ்சிக்கு நேரா இருமிட்டுத்தானே போறாங்க."

"சும்மா சொல்லாதம்மா."

"சும்மா சொல்லலைடா."

"அப்பாவுக்கு ஏதாவது ஒண்ணு ஆயிடுச்சுன்னா," என்றான் அவன், "நான் இனிமே வீட்டுப் பக்கமே வரமாட்டேன். நீ என்னைத் தேடவும் கூடாது. இப்பவே சொல்லிட்டேன்."

அவன் அழவில்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. சின்ன வயதிலிருந்தே அழுகை வந்தால் சத்தம் போட்டு அழுது முடித்துவிட்டுச் சோறு கேட்கிற பிள்ளை அவன். இப்போது பேசியது, யோசித்து முடிவெடுத்தவன் பேச்சாக இருந்தது.

ஒருவர் மானத்தைக் காப்பாற்றப் போய் அவரையே பறிகொடுக்கப் பார்க்கிறோம், பிள்ளையையும் சேர்த்தல்லவா பறிகொடுக்கப் போகிறோம் என்று ஃபிரேமம்மாவுக்கு அந்த வேனில்தான் உறைத்தது. வாய்விட்டுச் சொல்லிவிடலாமா? ஆனால் முதலில் இவனிடம் இல்லை. முதலில் அவரிடம்தான் சொல்ல வேண்டும். அந்த ஒரு மரியாதையாவது மிஞ்சட்டும்.

"இதைச் சாப்பிட்டுட்டு மேல வா" என்றாள்.

"பாப்பா இருப்பா."

"இருக்கட்டும். நான் கூப்பிடுறேன், வா."

வார்டில் ஒரு கட்டிலுக்கு ஒருவர்தான் போகலாம். முகக்கவசத்தை இழுத்துவிட்டுக்கொண்டு ஃபிரேமம்மா உள்ளே போனாள். ஸ்டூடியோக்காரர் கண்ணை மூடியிருந்தார். ஒவ்வொரு மூச்சுக்கும் தோள் இரண்டும் ஏறி இறங்கின. தலைமாட்டில் இருந்த திரையில் ஆக்ஸிஜன் அளவைக் காட்டும் எண் கொஞ்சம் ஏறுவதும் சரிவதுமாக இருந்தது. அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஏங்க."

கண் திறந்தது.

"டாக்டரம்மா வாயைச் சுத்தம் பண்ணணும்ங்கிறாங்க."

முடியாது என்று தலை அசைந்தது.

"மேல் பல்லைக் கழட்டணும்ங்க."

அவர் புரியாதவர்போலப் பார்த்தார். அவள் குரலைத் தணித்தாள். பக்கத்துக் கட்டிலுக்குக்கூடக் கேட்டிருக்காது.

"எனக்குத் தெரியும். ரொம்ப நாளாவே தெரியும். கல்யாணம் ஆன புதுசுலேர்ந்தே தெரியும்."

மாஸ்க்குக்குள் காற்று சீறிக்கொண்டிருந்தது. அவர் அவளை அப்படியே பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் அவள் தாங்கியிருப்பாள். கூட்டத்தின் நடுவில் வேட்டி அவிழ்ந்துபோனவரின் பார்வையாக இருந்தது அது.

"நாலு பல்லுங்க" என்றாள். "நாலே நாலு பல்லு. அதுக்காகப் போய்ச் சேர்ந்துடுவீங்களா? எனக்கு நீங்க வேணும்ங்க."

அவர் கையைத் தூக்கிக் கதவைக் காட்டினார். போ என்று அர்த்தம். இத்தனை வருஷத்தில் ஒருநாளும் அவளை அப்படிப் போகச் சொன்னதில்லை.

"போறேன். நர்ஸ் வந்தா கையைத் தட்டாதீங்க, அது போதும்."

வெளியே வந்ததும் டாக்டரைத் தேடிப் பிடித்தாள். நர்சுகளின் மேசைக்கு முன்னால், நின்றவாக்கிலேயே சொன்னாள். "அன்னைக்கு நான் பொய் சொல்லிட்டேன். அவருக்குக் கட்டுப்பல் இருக்கு. மேல, முன்னாடி. ராத்திரிகூடக் கழட்ட மாட்டாரு."

டாக்டரின் முகம் சிவந்தது. "ஏம்மா, இதை அன்னைக்கே சொல்லியிருந்தா..." என்று ஆரம்பித்தவர், அவள் நின்ற நிலையைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "சரி. இப்பவாவது சொன்னீங்களே." நர்சிடம் திரும்பி, "கீழேர்ந்து பல் டாக்டரைக் கூப்பிடுங்க, சீக்கிரம்" என்றார்.

பின்னால் சின்னவள் நின்றிருந்தாள். அவளுக்குப் பின்னால், படியேறி வந்த மூச்சு அடங்காமல் பெரியவன்.

"அப்பாவுக்கா?" என்றாள் சின்னவள். "நம்ம அப்பாவுக்கா பல்செட்டு?" சிரிப்பு மாதிரி ஒன்று வந்து பாதியில் அழுகையாக மாறியது. "ஏம்மா எங்ககிட்டகூடச் சொல்லலை?"

"அவருகிட்டயே சொல்லலைடி" என்று பெஞ்சில் உட்கார்ந்தாள் ஃபிரேமம்மா. டாக்டர் ஈறைப் பற்றியும் நுரையீரலைப் பற்றியும் சொன்னதைத் தனக்குத் தெரிந்த மாதிரி பெரியவனுக்குச் சொன்னாள். தலையணை உறையையும் சொன்னாள். "நீ கொண்டுவந்த சளியா இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அது வந்த வழியே போயிருக்கும்டா. உள்ள வேற ஒண்ணை வளர விட்டது நாங்க ரெண்டு பேரும்தான். நீ இல்லை."

பெரியவன் சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். சின்னவள் அவனைப் பார்த்தாள். மன்னிப்பு கேட்கிற பழக்கம் அந்த வீட்டில் யாருக்கும் கிடையாது. தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவன் பக்கம் நீட்டினாள். அவன் வாங்கிக்கொண்டான்.

பல் டாக்டர் வந்து உள்ளே போனார். நல்லவேளை, தெருவிலிருப்பவர் இல்லை, முன்பின் தெரியாத இளைஞர். திரும்பி வர நெடுநேரம் ஆனது. வந்தவர் கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னார். "தகடு ஈறுக்குள்ள புதைஞ்சே போயிருந்துச்சும்மா. மெதுவாத்தான் எடுக்க முடிஞ்சுது. அடியில ஒரே சீழ். கழுவி மருந்து போட்டிருக்கு. மத்த பல்லைச் சுத்தியும் ஈறு மோசம், அதையும் தினம் சுத்தம் பண்ணணும். பாவம், வலிச்சிருக்கும். ஆனா கையைத் தட்டவே இல்லை."

"இனி சரியாயிடுமா?" என்று கேட்டான் பெரியவன்.

"புதுசாக் கிருமி போறது குறையும். ஏற்கெனவே போனதை மருந்துதான் பார்த்துக்கணும். குழாய் போடறதா வேண்டாமான்னு உங்க டாக்டர் சாயந்திரம் சொல்வாங்க."

வார்டுக் கதவைப் பாதி திறந்து நர்ஸ் கூப்பிட்டாள். "வாங்கம்மா, முடிஞ்சுது. தம்பி, நீங்களும் ஒரே ஒரு நிமிஷம் பார்த்துட்டுப் போயிடுங்க."

உள்ளே போனார்கள். நர்ஸ் மாஸ்க்கைத் துடைத்து அவர் முகத்தருகே கொண்டுபோனாள். அந்த நேரத்தில் அவர் ஃபிரேமம்மாவைப் பார்த்துவிட்டார்.

சட்டென்று கை எழுந்து வாயை மூடிக்கொண்டது. உள்ளங்கையை அப்படியே அழுத்தி, விரல்களை மூக்குவரை விரித்து இறுக மூடிக்கொண்டார்.

"கையை எடுங்க சார், மாஸ்க் போடணும்" என்றாள் நர்ஸ். அவர் எடுக்கவில்லை. மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். அந்த மெலிந்த கையில் அத்தனை பலம் எங்கிருந்து வந்ததோ! திரையில் எண் இறங்கத் தொடங்கியது. கருவி விட்டுவிட்டுக் கத்தியது.

"அப்பா! கையை எடுப்பா!" பெரியவன் கட்டிலைப் பிடித்தான்.

"விடுங்க சார், மூச்சு பத்தாது! அம்மா, நீங்களாவது சொல்லுங்க!"

என்ன சொல்வது? ஃபிரேமம்மா அவர் கண்ணைப் பார்த்தாள். நிறைந்து வழிந்துகொண்டிருந்த அந்தக் கண்கள் நர்சையும் பார்க்கவில்லை, மகனையும் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்துக் கெஞ்சின. அவளுக்குப் புரிந்துவிட்டது.

அவள் திரும்பினாள். அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றாள்.

"டேய், நீயும் திரும்பு" என்றாள்.

"அம்மா..."

"திரும்புடா."

தாயும் மகனும், வகுப்பில் தண்டனை வாங்கிய பிள்ளைகள்போலப் பச்சைச் சுவரைப் பார்த்து நின்றார்கள். கருவி கத்திக்கொண்டே இருந்தது. பிறகு ரப்பர் பட்டையை இழுத்து மாட்டும் சத்தம், காற்று சீறும் சத்தம். கருவி ஓய்ந்தது.

"போட்டாச்சும்மா" என்றாள் நர்ஸ், மூச்சு விட்டு. "நம்பர் ஏறுது. இப்ப திரும்பலாம்."

ஃபிரேமம்மா திரும்பவில்லை. "வாய் நல்லா மூடியிருக்கா?"

"மூடியிருக்கும்மா."

"கொஞ்சங்கூடத் தெரியலையே?"

"தெரியலை."

அதன்பிறகுதான் திரும்பினாள். ஸ்டூடியோக்காரர் கையை மெல்ல நீட்டினார். அவள் ஓர் அடி முன்னால் வைத்தாள். கை அவளைத் தாண்டி மகனிடம் போனது. பெரியவன் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தொலைந்துபோயிருந்த பழைய சத்தத்தோடு ஓவென்று அழுதான்.

மாஸ்க்குக்கு மேலே அவர் கண்கள் ஒரு தடவை ஃபிரேமம்மாவிடம் வந்தன. வந்ததும் மூடிக்கொண்டன.